ஈயத்துக்குப் பதிலா இரும்புக்கட்டி: ஆறு மாசம் இடுப்பில கட்டிப் பார்த்திட்டு எழுதுறன்

அஞ்சுக்கு மூண்டரை. அரைப்புள்ளி பெயின்ற்றுக்கு வெட்டினது, ஒரு புள்ளி கொம்பாசுக்கு வெட்டினது, ரண்டையும் கீழ சொல்லுறன்.

சாமான் என்னண்டா சுழியோடேக்க மேல மிதந்து வராம இருக்க இடுப்புப் பெல்ட்டில கோக்கிற பாரக்கட்டி. வழமையா அது ஈயம், இது இரும்பு. கொக்குவில் பக்கம் ஒரு லேத் பட்டறையில செய்விச்சது, பிராண்டும் இல்லை பெட்டியும் இல்லை, ஒரு பழைய உரபாக்குக்குள்ள போட்டுத்தான் தந்தவர். ஒரு கிலோக் கட்டி நாலும் ரண்டு கிலோக் கட்டி ஒண்டும் மாசியில எடுத்தனான், ஆவணி வரைக்கும் பதினாலு தரம் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறன், மாதகல், காங்கேசன்துறைப் பக்கமும் ஒருக்கா திருகோணமலைக்குப் போய் புறாத்தீவடியிலயும். சோளகம் இழுத்தடிச்ச கிழமையள் போகேல்லை.

ஏன் ஈயத்தை விட்டனான் எண்டு கேட்டா, மீன் செத்துப்போகும் கடல் நஞ்சாகும் எண்டு ஆராவது சொல்லி இல்லை. உண்மையைச் சொன்னா கடலுக்க கிடக்கிற ஈயக்கட்டி கனக்கக் கரையாது, மேல ஒரு சாம்பல் தோல் பிடிச்சிடும், பிறகு மெதுமெதுவாத்தான் தேயும். என்ர பிரச்சினை வளவுக்குள்ள. 2019ல நானே ஈயம் உருக்கினனான், ஒரு பழைய தாச்சியை மூண்டு கல்லில வைச்சு, மாமரத்துக்குக் கீழ, கராச்சுக்காரரிட்ட வேண்டின சில்லுக்கு அடிக்கிற ஈயத்துண்டும், பெடியன் ஒருத்தன் உடைச்சுக் கொண்டந்த பழைய பற்றறித் தட்டும் போட்டு. 327 பாகையில ஈயம் உருகிடும், பனைமட்டையும் தென்னஞ்சிரட்டையும் காணும் அதுக்கு, அதுதான் எல்லாரும் வீட்டிலயே உருக்கினம். பற்றறித் தட்டில ஒட்டிக்கொண்டிருக்கிற பசை முழுக்க ஈயத்தின்ர ஒட்சைட்டும் சல்பேட்டும், காய்ஞ்சா மாப்போல பறக்கும், அது அண்டைக்கு எனக்குத் தெரியாது. அக்காவின்ர சின்னவளுக்கு அப்ப நாலு வயசு, பத்தடி தள்ளி மண்ணில இருந்து சோறு கறி காய்ச்சி விளையாடிக்கொண்டிருந்தவள். பேந்துதான் வாசிச்சன், பிள்ளையளின்ர ரத்தத்தில இவ்வளவு ஈயம் இருந்தாப் பரவாயில்லை எண்டு சொல்ல ஒரு அளவே இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, மூளை வளர்ச்சியைத்தான் முதல்ல பிடிக்குமாம். அந்த மண்ணை ஒரு அடி வெட்டிக் குழி தோண்டி மேல கொங்கிறீற் போட்டு மூடினனான், அம்மா இண்டைக்கும் அது என்ன சமாதியோ எண்டு கேப்பா.

அம்மாவிட்டச் சொன்னா அவவின்ர பதில், அம்மம்மா ஈயம் பூசின சட்டியில தானே காய்ச்சினவ, தொண்ணூறு வரைக்கும் இருந்தவ தானே எண்டு. பித்தளைக்குப் பூசுறது வெள்ளீயம், அது வேற உலோகம், இது காரீயம். தமிழில ரண்டையும் ஈயம் எண்டே சொல்லிச் சொல்லி கனபேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு.

சரி, வேற என்ன போடலாம் எண்டு பார்த்தா, பாரத்துக்குப் பாரம் எண்டு நினைக்கக்கூடாது, தண்ணிக்குள்ள எவ்வளவு மிஞ்சுது எண்டதுதான் கணக்கு. ஈயத்தின்ர அடர்த்தி 11.3, ஒரு கிலோ ஈயம் கடல்தண்ணிக்குள்ள 910 கிராம் இழுக்கும். இரும்பு 7.85, ஒரு கிலோ 870 கிராம் இழுக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், 40 கிராம்! நான் இதை நம்பேல்லை, கிணத்தடியில ஒரு பரலுக்க கடல்தண்ணி கொண்டந்து ஊத்தி, ஸ்பிரிங் தராசில நூல் கட்டி ஒவ்வொண்டாத் தொங்கவிட்டுப் பார்த்தனான், கணக்கு சரி. ஆறு கிலோ ஈயம் கட்டுற ஆளுக்கு ஆறு கிலோ 300 கிராம் இரும்பு காணும். (கீரிமலைக் கேணிக்குள்ள போட்டுப் பார்ப்பமோ எண்டு மச்சான் கேட்டவன், அம்மா குடுத்த பேச்சில தேத்தண்ணியும் குடிக்காமப் போட்டான். கேணி நல்லதண்ணி, அங்க பார்த்தாலும் கணக்குப் பிழைக்கும்.)

சீமெந்தையும் விடேல்லை. பால்மா ரின்னுக்க வார்த்து கம்பி வளையம் வைச்சு வடிவாத்தான் செய்தனான், ஆனா சீமெந்து தண்ணிக்குள்ள தன்ர பாரத்தில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வைச்சிருக்கும், ஆறு கிலோ ஈயத்தின்ர வேலைக்கு ஒம்பதரைக் கிலோ வேணும், அது நாலு லீற்றர் இடம், இடுப்பில நாலு லீற்றர் சீமெந்தைக் கட்டிக்கொண்டு போட்டில இருந்து பின்பக்கமாச் சரிஞ்சு விழுந்து பாருங்கோ தெரியும். போட்டுக்கு நங்கூரக்கல்லா இப்ப உதவுது. விஸ்மத் எண்டு ஒரு உலோகம் இருக்கு, ஈயத்துக்குப் பக்கத்தில நிக்கிற அடர்த்தி, 271 பாகையிலயே உருகும், நஞ்சும் குறைவு, வெளிநாட்டில தூண்டில் பாரத்துக்கு அதைப் பாவிக்கினம், ஆனா விலை எங்கட கைக்கு எட்டாது. தங்குதன் (டங்ஸ்டன்) எண்ட உலோகம் ஈயத்தை விடவும் பாரம், 3400 பாகைக்கு மேலதான் உருகும், அதைப்பற்றி இஞ்ச கதைச்சுப் பிரயோசனம் இல்லை. சைக்கிள் கடையில போல்ஸ் (சின்ன இரும்புக் குண்டுகள்) வேண்டி துணிப்பைக்குள்ள போட்டும் பார்த்தன், இடுப்புக்குப் பஞ்சு மாதிரி சுகம், மூண்டாம் கிழமை துருப்பிடிச்சு எல்லாம் ஒண்டோடொண்டு ஒட்டி எள்ளுருண்டை ஆகிட்டுது.

புல்மோட்டைக் கறுப்பு மண்ணைப் பைக்குள்ள போடலாமே எண்டு பட்டறை அண்ணை கேட்டவர், கெட்டிக்காரக் கேள்வி. அந்த மண்ணில இருக்கிற இல்மனைட் சாதாரண மண்ணை விடச் சரியான பாரம், அடர்த்தி 4.7 வரும். ஆனா ஒரு கிலோவில 780 கிராம்தான் மிஞ்சும், மணலுக்கு இடையில தண்ணி நிக்கிற இடத்தையும் சேர்த்தா பை தலகாணி அளவு வரும், அதோட அந்த மண் அரசாங்கத்தின்ர, உரபாக்கைக் கொண்டுபோய் அள்ளிக்கொண்டு வர ஏலாது.

பழைய ஆக்கள் ஈயமே இல்லாமச் சுழியோடினவை தானே எண்டும் சொல்லுவினம். ஓம், மன்னாரில அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் முத்துக்குளிச்ச ஆக்கள் கல்லில கால் வைச்சுத்தான் இறங்கினவை, கயித்தில கட்டின கல், ஆள் கீழ போனதும் மேல நிக்கிறவர் கல்லை இழுத்து எடுத்திடுவார், அடுத்த முறைக்கும் அதே கல். அழகான வேலை, கடலில ஒண்டும் விடுறேல்லை. ஆனா அது கெதியா இறங்கிறதுக்கு மட்டும், மூச்சுப் பிடிச்சு ஒரு நிமிசச் சொச்சம். எங்கட கதை வேற, சிலிண்டரோட முக்கால் மணித்தியாலம் மேலயும் போகாமக் கீழயும் போகாம நடுவில நிக்கவேணும், அதுக்கு பாரம் எங்களோடயே வரவேணும்.

இனி கட்டிக்கு வாறன். ஒரு கிலோக் கட்டி 2 சென்ரிமீற்றர் மொத்தமான இரும்புத் தகட்டில வெட்டினது, 8 சென்ரிமீற்றர் அகலம், 9 சொச்சம் நீளம், பெல்ட் நுழைய ரண்டு வெட்டு. உள்ளங்கையில வைச்சா சரியா நிக்கும். ஈயக்கட்டியை விட ஒண்டரை மடங்கு இடம் பிடிக்கும், அது கண்ணுக்குத் தெரியும், தண்ணிக்குள்ள தெரியாது. முதல் தந்த சோடியில மூலை எல்லாம் கத்தி மாதிரி. அண்ணையிட்டத் திருப்பிக் கொண்டுபோனன்.

"மூலையைக் கொஞ்சம் உருட்டித் தாங்கோ அண்ணை."

"வடிவுக்கோ தம்பி?"

"இல்லை அண்ணை, கூரான விளிம்பில பெயின்ற் நிக்காது, வழிஞ்சு மெல்லிசாப் போயிடும், அதில தான் முதல் துரு வரும்."

அவர் கொஞ்ச நேரம் கட்டியைப் பார்த்திட்டு, படலைக்குப் பெயின்ற் அடிச்சாலும் விளிம்பில தானே முதல் கழருது, இவ்வளவு காலமும் பெயின்ற்காரனை ஏசினனே எண்டார். அடுத்தநாள் எல்லாம் உருட்டி, உள்பக்கம் இடுப்பு எலும்பில படுற இடத்தையும் கிரைண்டரில கொஞ்சம் தேய்ச்சுத் தந்தார், அதுக்குக் காசு வேண்டேல்லை.

பூச்சைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுதவேணும், ஏனெண்டா இரும்புக்கட்டியில உலோகம் லேசான பக்கம், தோல்தான் கஷ்டம். ஈயத்துக்கு தோல் தானா வரும், இரும்புக்கு நாங்கதான் குடுக்கவேணும். முதல் சாதாரண எனமல் அடிச்சுத் தந்தவர், ரண்டு கிழமை தாங்கேல்லை. துருவுக்கு இரும்பை விடக் கனக்க இடம் வேணும், பெயின்ற்றுக்குக் கீழ ஒரு ஊசிமுனை அளவு தொடங்கினாக் காணும், ஊதி ஊதி மேல இருக்கிறதைக் கிளப்பிப்போடும், அம்மைக் கொப்புளம் மாதிரி. ரண்டாந்தரம் நாகம் (சிங்க்) கலந்த பிறைமர் ஒரு தரம், ரண்டு ரின்னைக் கலந்து அடிக்கிற எப்பொக்சி மூண்டு தரம், ஒவ்வொண்டுக்கும் நடுவில ஒரு நாள் காய விட்டு. இது நிண்டுது. ரப்பருக்க முக்கி எடுப்பமோ எண்டும் யோசிச்சம், வெளிநாட்டுக் கட்டியள் சிலது அப்பிடித்தான் வருது, ஆனா மொத்த ரப்பரில ஒரு ஓட்டை விழுந்தா உள்ள தண்ணி போய் வெளிய வராது, மேல பார்த்தா புதுசு மாதிரி இருக்கும், உள்ள உக்கிக்கொண்டிருக்கும். மெல்லிசாக் கண்ணுக்குத் தெரியுற பூச்சு நல்லம், பிழைச்சாப் பிழைச்சது தெரியும்.

அரைப்புள்ளி வெட்டினது எதுக்கெண்டா, பெல்ட் நுழையுற வெட்டுக்குள்ள பூச்சு போட்டுது. நைலோன் பெல்ட்டுக்கும் கட்டிக்கும் இடையில மண் மாட்டும், ஒவ்வொரு அசைவுக்கும் மண்கடதாசி போட்டுத் தேய்ச்ச மாதிரி, ஏழாவது டைவிலயே இரும்பு தெரிஞ்சுது. நான் சைக்கிள் ரியூப்பை நாலு விரல் அளவில வெட்டி, பெல்ட்டில மாட்டி, அதுக்கு மேல கட்டியைக் கோத்தன். பூச்சும் தப்பிச்சுது, கட்டி இடுப்பில வழுக்கித் திரியிறதும் நிண்டுது. ஆனா வந்து கழுவேக்க ரியூப்பைக் கழட்டவேணும், கழட்டாம விட்டா உள்ள உப்புத்தண்ணி நிண்டு வேலையைக் காட்டும். ஈயம் பாவிக்கேக்க போட்டுக்குள்ள எறிஞ்சிட்டு அடுத்த கிழமை எடுத்துக் கட்டினனான், இதுக்கு ஒவ்வொருமுறையும் நல்லதண்ணியில கழுவி, துடைச்சு, நிழலில காயவிட வேணும். சோம்பேறியளுக்குச் சரிவராது, நான் சோம்பேறிதான், ஆனா காசு குடுத்திட்டன்.

கொம்பாஸ் கதைதான் உண்மையில பெரிசு. மாதகலில முதல் நாள், தண்ணி கலங்கல், கை நீட்டினா விரல் தெரியாது எண்டில்லை ஆனா மூண்டு மீற்றருக்கு அங்கால ஒண்டும் இல்லை, கொம்பாசைப் பார்த்து வடக்க போறன் எண்டு நினைச்சு நீந்தினனான், மேல வந்து பார்த்தா போட்டு எங்கயோ, நான் எங்கயோ. என்ர கொம்பாஸ் அமுக்கம் காட்டுற மீற்றரோட சேர்ந்து இடது இடுப்பில தொங்குறது, அதுக்குப் பக்கத்தில ரண்டு கிலோ இரும்பு! ஊசி என்னத்தைக் காட்டும், என்ர இடுப்பைத் தான் காட்டும். ஈயத்தோட இந்தப் பிரச்சினை வரவே வராது, காந்தம் அதை இழுக்காது. இப்ப கொம்பாசை மணிக்கட்டில கட்டி கையை முன்னுக்கு நீட்டித்தான் பார்க்கிறன், வீட்டு முத்தத்தில பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நிண்டு சரிபார்த்தனான், கை நீட்டினா ஊசி ஒழுங்கா நிக்குது. பக்கத்து வீட்டு ஆக்கள் என்ன நினைச்சினமோ தெரியாது. பட்டறை அண்ணைக்கு இது தெரிஞ்சிருக்க வழியில்லை, எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும், ஆனாலும் சாமானின்ர குறை குறைதான், புள்ளி வெட்டினது வெட்டினதுதான்.

இன்னொரு பிழை முழுக்க என்ர. ஈயம் ஆறு கட்டினனான், இரும்பும் ஆறு காணும் எண்டு போனன், அந்த 300 கிராமை ஆர் பார்க்கிறது எண்டு. இறங்கேக்க ஒண்டும் தெரியேல்லை. சிலிண்டருக்க இருக்கிற காத்துக்கும் பாரம் இருக்கு, 11 லீற்றர் அலுமினியம் சிலிண்டரின்ர அமுக்கம் 200 பாரில இருந்து 50க்கு வாறதுக்குள்ள ரண்டு கிலோ குறைஞ்சிடும். அப்ப கடைசியில, மேல வர முதல் பாதுகாப்புக்காக அஞ்சு மீற்றரில மூண்டு நிமிசம் நிக்கவேண்டிய இடத்தில நிக்க ஏலாமக் கால் மேல போகுது, ஒரு பாறையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டன், கையில முள்ளு. எங்கட பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு தானே, ஆழமெண்டா வெட்சூட் (சுழியோடேக்க போடுற ரப்பர் உடுப்பு) அமுங்கி மிதப்புக் குறையும், இஞ்ச அது ஊதினபடியே நிக்கும், அதால ஆழக்கடலில சமாளிக்கிற பிழை எங்கட கடலில பிடிபடும். அடுத்தநாளே போய் 300 கிராமில ஒரு சின்னத் துண்டு வெட்டுவிச்சன், அதுக்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை.

நல்லதுகளும் இருக்கு. கை கறுக்காது. ஈயக்கட்டியைத் தூக்கிப்போட்டு அதே கையால போட்டில வைச்சு வடை சாப்பிட்ட காலத்தை நினைச்சா இப்ப வயித்தைப் பிரட்டுது. ஆபத்தெண்டா பக்கிளை இழுத்துக் கழட்டி விடக் கையும் கூசாது, விழுந்தா அது துருவாகி மண்ணாப் போகும் எண்ட நிம்மதி. விலை அப்ப ஈயத்தை விட ஒண்டரை மடங்கு வந்தது, அதில முக்கால்வாசி பெயின்ற்றும் கூலியும், இரும்புக்குப் பெரிசா இல்லை.

குருநகரில கடலட்டை பிடிக்கப் போற சிநேகிதன் ஒருத்தனுக்கு ரண்டு கட்டி குடுத்துப் பார்த்தன். ஒரு கிழமையில திருப்பிக் கொண்டந்து தந்திட்டான். பாரத்தில ஒரு குறையும் சொல்லேல்லை. "மச்சான், நாங்க நாளுக்கு நாலு தரம் இறங்கிறம், இதைக் கழுவித் துடைச்சுக்கொண்டிருக்க நேரம் எங்க கிடக்கு? ஈயமெண்டா தேவையில்லாட்டி உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கலாம், காசுக்கும் விக்கலாம், இரும்பைக் கொண்டுபோனா பழைய இரும்புக்காரன் என்ன தருவான்?" என்னட்டப் பதில் இல்லை. அவன் சொல்லுறது சரி. நான் ஞாயிற்றுக்கிழமைச் சுழியோடி, அவனுக்கு அது தொழில். அதோட கணக்குப் பார்த்தா எங்கட இடுப்பில இருக்கிறது ஒண்டுமே இல்லை, கரையில காயிற ஒவ்வொரு வலையின்ர அடிக்கயித்திலயும் கோத்துக் கிடக்கிற ஈயக்குண்டு தான் கடலுக்கு உண்மையாப் போறது, அறுந்தா அங்கயே கிடக்கும். இங்கிலாந்தில சின்ன ஈயத் தூண்டில் பாரத்தை 1987லயே தடுத்தவை, அன்னங்கள் கூழாங்கல் எண்டு விழுங்கிச் சாகுது எண்டு. எங்கட சிறுகடலில பூநாரை வந்து இறங்கிற காலத்தில எனக்கு அந்த ஞாபகம் வரும்.

ஆருக்குச் சரிவரும் எண்டா, படிப்பிக்கிற ஆக்கள், பொழுதுபோக்குக்கு இறங்கிற ஆக்கள், நாலைஞ்சு பேர் சேர்ந்து சாமான் வைச்சிருக்கிற குழுக்கள். புதுசாத் தொடங்கிற ஆள் ஈயம் வேண்டவே வேண்டாம், நேர இரும்புக்குப் போங்கோ, பழகிட்டா வித்தியாசம் தெரியாது. கொம்பாசை மட்டும் கையில கட்டுங்கோ. செய்விக்கப் போனா பட்டறையில மூண்டு விசயம் சொல்லவேணும்: விளிம்பு எல்லாம் உருட்ட வேணும், வெட்டு பெல்ட்டை விட அரைச் சென்ரிமீற்றர் கூட இருக்கவேணும் (பூச்சே ரண்டு பக்கமும் இடம் பிடிக்கும், என்ர ஒரு கட்டிக்குள்ள பெல்ட்டை நுழைக்க ஸ்குரூட்றைவர் தேவைப்பட்டது), பாரத்தைப் பெயின்ற்றுக்கு முதலே நிறுத்து கட்டியிலயே பொளிஞ்சு எழுதுவிக்க வேணும். கடைசியாச் சொன்னதை நான் சொல்ல மறந்திட்டன், இப்ப ரண்டு கட்டி 1 கிலோ எண்டு சொன்னாலும் ஒண்டு 940.

ரண்டாவது செற்றுக்குச் சொல்லியிருக்கிறன், மச்சானுக்கு. இந்தமுறை வெட்டுக்குள்ள எப்பொக்சி அஞ்சு தரம் அடிச்சுப் பார்ப்பம் எண்டு அண்ணையே சொன்னவர்.

என்ர பழைய ஈயம் 11 கிலோ மூடி போட்ட வாளிக்குள்ள ஸ்ரோர் அறையில கிடக்கு. எறியவும் ஏலாது, உருக்கவும் விடமாட்டன். பாசையூர் மாமா வலைக்குத் தாவன் எண்டு ரண்டுதரம் கேட்டிட்டார், இன்னும் பதில் சொல்லேல்லை.